ஜவ்வாது மலைக்கு கரென்ட் வண்டியில் போறீங்களா? கிலோமீட்டரை விடுங்க, உயரத்தைக் கணக்கு போடுங்க!

பேட்டரியில் 62 சதவிகிதம் இருக்கிறது. மேப்பில் இன்னும் 18 கிலோமீட்டர்தான். 'அட, தாராளமா போயிடலாம்' என்று ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிறீர்கள். நாலாவது வளைவில் 55. எட்டாவது வளைவில் 46. பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பன் மெதுவாகத் தோளைத் தட்டி, "மச்சான், வேணும்னா நான் இறங்கி நடந்து வரவா?" என்று கேட்பான்.

சிரிக்காதீங்க. எலெக்ட்ரிக் வண்டியில் முதல் முறை மலையேறும் எல்லோருக்கும் இந்த நிமிஷம் வரும். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. நாம் போட்ட கணக்குதான் தப்பு.

ஓலாவுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், ஏத்தருக்கும் டி.வி.எஸ் ஐக்யூபுக்கும் ஓசூர், ஆம்பியருக்கு ராணிப்பேட்டை. நாடு முழுக்க ஓடுகிற இ-ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி தயாராவது இந்த வட்டாரத்தில்தான். இந்த ஊர்களிலிருந்தெல்லாம் ஒருநாள் பயணமாகப் போய்வரக்கூடிய தூரத்தில் நிற்கிறது ஜவ்வாது மலை. ஆனாலும் வீக் எண்ட் வந்தால் வண்டிகள் எல்லாம் ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும்தான் திரும்புகின்றன. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். ஜவ்வாது மலை இன்னும் அமைதியாக இருக்க அதுவே காரணம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். ஊட்டி மாதிரி மேலே ஏறினால் ஒரு டவுன், சுற்றிப் பார்த்தால் முடிந்தது என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஏறி முடித்ததும் மேலே ஒரு தனி நாடே விரியும். சாமை வயல், பலா மரம், புளிய மரம், நடுநடுவே பத்து இருபது வீடுகள் கொண்ட சின்னச் சின்ன ஊர்கள். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள், 'கொல்லை' என்றும் 'மரத்தூர்' என்றும் முடியும். திருப்பத்தூர் பக்கம் போனால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. இங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளாவை நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ்.

இந்த ஊர்களை இணைக்கும் ஒற்றைத் தார்ச் சாலைகளும் செம்மண் தடங்களும்தான் நமக்கு விஷயம். 25, 30 கிலோமீட்டர் வேகம் போதும் என்கிற, சத்தம் போடாத ஒரு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது.

ஒரு யூனிட்டில் எவ்வளவு ஏறலாம்?

'ஒருமுறை சார்ஜ் போட்டால் 100 கிலோமீட்டர்' என்பது சமதரைக்கான வாக்குறுதி. மலையில் பேட்டரியைத் தின்பது தூரத்தைவிட உயரம். ஈ.பி பில்லில் வரும் யூனிட்டிலேயே கணக்கு போடுவோம், அதுதான் நமக்குப் பழக்கம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஹவர். சாதாரண இ-ஸ்கூட்டர் பேட்டரி சுமார் மூன்று யூனிட் பிடிக்கும்.

வண்டி 115 கிலோ, நீங்கள் 70 கிலோ, மொத்தம் 185. அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்: இந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 0.3 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் வெப்பமாக வீணாவதைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 0.4. அதாவது, ஒரு கிலோமீட்டர்கூட முன்னால் போகாமல், மேலே தூக்குவதற்கு மட்டுமே பேட்டரியில் 13 சதவிகிதம் காலி. பின்னால் 65 கிலோ நண்பன் இருந்தால் அது 17 சதவிகிதம். சாலையில் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆகிற செலவு தனி. நிதானமாக ஓட்டினால் கிலோமீட்டருக்கு ஒரு சதவிகிதம் என்று வையுங்கள்.

ஆக, 40 கிலோமீட்டர் மலைப்பாதைக்கு, தனி ஆளாகப் போனால் 50 முதல் 55 சதவிகிதம். ஃபுல் சார்ஜில் கிளம்பினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேட்டரியோடு மேலே போய்ச் சேருவீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து அடிவாரம் வரும்போதே 40 சதவிகிதத்தைத் தீர்த்துவிட்டு, 'பார்த்துக்கலாம்' என்று ஏறினால்தான் நண்பன் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். மலையேறும் முன் வாணியம்பாடியிலோ ஆலங்காயத்திலோ போளூரிலோ ஒரு நீண்ட சாப்பாட்டு இடைவேளையை சார்ஜோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எலெக்ட்ரிக் சைக்கிளுக்குக் கணக்கு வேறு. நம்ம ஊரில் விற்கும் பல சைக்கிள்களின் பேட்டரி 36 வோல்ட், 8 ஆம்ப் ஹவர் அளவில் இருக்கும். பெருக்கினால் 288 வாட் ஹவர், கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சைக்கிள், நீங்கள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால், 600 மீட்டர் ஏற மட்டும் அதில் முக்கால்வாசி போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சாலை 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் இடத்தில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகவே 270 வாட் தேவை. உங்கள் மோட்டாரோ 250 வாட். காலை மடக்கிக்கொண்டு த்ராட்டிலை மட்டும் நம்பினால் வண்டி திணறும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டார் கொதிக்கும். பெடலை மிதிக்கத்தான் வேண்டும். மிதித்தால் பேட்டரி பாதி வேலையைத்தான் செய்கிறது, மூச்சும் முட்டாது. உண்மையைச் சொன்னால், இந்த மலையை ரசிக்க ஸ்கூட்டரைவிட மிதிக்கும் இ-சைக்கிள்தான் என் சாய்ஸ். சைக்கிளை வேனிலோ காரிலோ மேலே கொண்டுபோய், அங்கிருந்து சுற்றுவதில் எந்த கௌரவக் குறைச்சலும் இல்லை.

லைசென்ஸ் விஷயத்தையும் முடித்துவிடுவோம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை. அதைத் தாண்டினால் பச்சை நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாமே கட்டாயம். கடையில் 'ஸ்பீடு லாக்கை எடுத்துத் தர்றேன் தம்பி' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். லாக்கை எடுத்த நிமிஷம் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் உங்கள் பக்கம் நிற்க ஒரு பேப்பர்கூட இருக்காது. சைக்கிளாக இருந்தாலும் ஹெல்மெட் போடுங்கள், இறக்கத்தில் தெரியும் அதன் அருமை.

முதல் பயணத்துக்கு காவலூர் சாலை

முதல் முறை போகிறவர்களுக்கு வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் பாதையைத்தான் சொல்வேன். ஏற்றம் ஒரேயடியாக வராமல் பிரிந்து பிரிந்து வருகிறது. வழியில் நின்று பார்க்க நியாயமான ஒரு காரணமும் இருக்கிறது.

அதுதான் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தமான இந்த இடத்தில் 1968-லேயே ஒரு சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கிவிட்டது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 1988-ல் இங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர். ஆமாம், நம்ம கணித மேதை ராமானுஜன்தான்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், மேகமூட்டம் எல்லாத் திட்டத்தையும் மாற்றிவிடும். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் என்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் பார்க்கலாம். இன்னொன்று இருட்டு. நகர வெளிச்சம் எட்டாத சுத்தமான இருட்டு. அதனால் இந்தப் பக்கம் ஹை பீமைப் போட்டுக்கொண்டு சுற்றுவதும், ரிங் லைட் வைத்து ரீல்ஸ் எடுப்பதும் வேண்டாமே. இருட்டும் முன் தங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். மலையில் ராத்திரி வண்டி ஓட்டக் கூடாது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கரடி அதில் ஒன்று.

காவலூரைத் தாண்டினால் ஜமுனாமரத்தூர். மலையின் தலைநகரம் என்று சொல்லலாம். பஸ் ஸ்டாண்டு, கடைகள், விடுதிகள் எல்லாம் இங்கேதான். கோமுட்டேரியில் படகு, கொஞ்சம் தள்ளி பீமன் அருவி என்று வழக்கமான டூரிஸ்ட் அயிட்டங்களும் உண்டு. போளூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் ஏறி வந்தாலும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

இங்கே ஒரு ராத்திரி தங்குவது நல்லது, அதற்குக் காரணம் சார்ஜ். சார்ஜிங் ஸ்டேஷனை நம்பி இந்த மலைக்கு வராதீர்கள், பிளக்கை நம்பி வாருங்கள். ரூம் புக் செய்யும்போதே, "அண்ணே, வண்டி நிறுத்துற இடத்துல 15 ஆம்ப் பிளக் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். ஏ.சி, கீஸருக்குப் போடும் பெரிய பிளக் அது. சின்ன பிளக்கில் கட்டையைச் செருகி சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மணிக்கணக்கில் இழுக்கும் சார்ஜர் பழைய வயரிங்கைச் சுட்டுவிடும். மூன்று யூனிட் பேட்டரியை நிரப்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் கரென்ட் போனால் இன்னும் கூடும். பேட்டரியைக் கழற்றி எடுக்க முடிகிற வண்டி என்றால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

டீக்கடையில் சார்ஜ் போட நேர்ந்தால் முதலில் கேளுங்கள், போகும்போது காசு கொடுங்கள். 'அட, இருக்கட்டும் தம்பி' என்பார்கள். இருந்தாலும் கொடுங்கள், அது அவர்கள் கட்டுகிற பில்.

மேப்பில் ரோடு, தரையில்?

ஜமுனாமரத்தூரிலிருந்து கோவிலூர், வீரப்பனூர், கானமலை என்று கிளைச் சாலைகள் பிரிந்துபோகின்றன. இவைதான் இந்தப் பயணத்தின் உயிர். வண்டி சத்தம் இல்லாததால் இதுவரை கேட்காததெல்லாம் கேட்கும்: மரங்கொத்தி, எங்கோ மாட்டுக் கழுத்து மணி, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கூப்பிடும் குரல்.

ஆனால் உங்கள் வண்டிச் சத்தம் அவர்களுக்கும் கேட்காது. அதை மறந்துவிடாதீர்கள். தலையில் விறகுக் கட்டோடு முன்னால் நடந்துபோகும் அக்காவால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. பக்கத்தில் போய் திடீரென ஹாரன் அடித்தால் பதறிவிடுவார். இருபது அடி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, சைக்கிள் பெல் மாதிரி மென்மையான ஒரு சத்தம், அல்லது வாயாலேயே, "அக்கா, வண்டி வருது" என்று ஒரு குரல். ஆடு மாடுகளுக்கும் இதே மரியாதை.

அறுவடைக் காலத்தில் போனால் தார்ச் சாலையிலேயே தானியம் காயப் போட்டிருப்பார்கள். இங்கே முக்கியப் பயிர் சாமை. சாமை மணி எவ்வளவு சின்னது என்று தெரியும்தானே? அதன்மேல் டயர் ஏறினால் பால்பேரிங் மேல் ஏறின மாதிரி. வழுக்கும். அதற்கும் மேலாக, அது ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு. இறங்கி, ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் குறைந்துபோய்விடாது. சொல்லப்போனால், பேச்சு ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. "தம்பி, இது கரென்ட் வண்டியா? மலை ஏறுதா?" என்ற கேள்வியில் தொடங்கி, வீட்டுச் சாமை, தேன், சீத்தாப்பழம் வரை போகும். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

தார் முடிந்து மண் தடம் தொடங்கும் இடத்தில்தான் நம்மில் பலருக்கு உற்சாகம் பிறக்கிறது. 'ஆஃப் ரோடு!' இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

2023 மே மாதம், இதே மலைத்தொடரின் வேலூர் பக்கம் அல்லேரி மலையில், தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் ஊர் வரைக்கும் போக வழியில்லை. உடலைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தத் தாய் பல கிலோமீட்டர் நடந்தே வீடு திரும்பினார். அந்தப் படத்தை நீங்களும் போனில் பார்த்திருக்கலாம். நாம் ஆஃப் ரோடு என்று ஆசையாகத் தேடிப்போவது, அங்கே ஒரு ஊருக்கு இருக்கிற ஒரே ரோடு.

இதைச் சொல்வது உங்களைப் போகவேண்டாம் என்று தடுக்க இல்லை. எப்படிப் போவது என்பதற்காக. மழை பெய்து இளகிக்கிடக்கும் மண் தடத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பள்ளம் பறிக்காதீர்கள். மறுநாள் காலையில் அதே பள்ளத்தில்தான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நடக்க வேண்டும், கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு ஒரு பைக் வர வேண்டும். ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க வேண்டியது விருந்தாளியான நீங்கள். வண்டியைத் தடத்தின் நடுவில் நிறுத்தி ட்ரோன் விடும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

மேப் இங்கே அரை உண்மைதான் பேசும். நடைபாதையையும் மாட்டுத்தடத்தையும்கூட ரோடு என்று கோடு போட்டுக் காட்டும். சிக்னலும் எல்லா இடத்திலும் வராது, அதனால் ஆஃப்லைன் மேப்பைக் கீழேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். கடைசித் தீர்ப்பு மட்டும் ஊர்க்காரரிடம். "ஐயா, இந்த வழியா வண்டி போகுமா?" என்று கேட்டு, "போகும்" என்று பதில் வந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "நீங்க போவீங்களா?"

மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. ஊர்களை இணைக்கும் சாலையில் போகலாம். அதிலிருந்து விலகிக் காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். சந்தன மரத்துக்குப் பெயர்போன காடு என்பதால் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருக்கும்போது கெடுபிடி கூடும், கூடவும் வேண்டும். அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 2024-ல் 40 பாதைகள் திறந்தார்களே, அவை நடப்பதற்குத்தான், வண்டிக்கு அல்ல. கீழ்சேப்பிலி பக்கம் இருக்கும் கற்திட்டைகளுக்கும் இது பொருந்தும். பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் அவை. குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்று மலைக்காரர்கள் கதை சொல்வார்கள். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பலகைக் கல்மேல் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும். 'என் பேட்டரிக்கு ஐ.பி 67, தண்ணிக்குள்ளயே போகும்' என்ற வீரம் இங்கே செல்லாது. அந்த எண் ஆய்வுக்கூடத்தில் அசையாத தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்துக் கொடுத்தது. கல்லை உருட்டிக்கொண்டு வரும் காட்டாற்றுக்கு அது தெரியாது. நீருக்கு அடியில் தரை தெரியவில்லை என்றால் காத்திருங்கள், மழை விட்டதும் மலைத் தண்ணீர் சீக்கிரமே வடியும்.

இறங்கும்போதுதான் கவனம்

ஏறும்போது பேட்டரி போகும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் பக்கம் சேம்பறை மலைக் கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். இந்த மலைச் சாலைகளின் சரிவு எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஒரு விபத்து போதும்.

பெட்ரோல் பைக்கில் செகண்ட் கியரில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் வண்டியில் அந்த வேலையைச் செய்வது ரீஜென். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் ஒரு கண்டிஷன்: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். விடுதியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவிகிதத்தோடு நேராக இறக்கத்தில் விட்டால், நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான். ரீஜென் வேலை செய்யாது, அல்லது மிகக் குறைவாகச் செய்யும். மொத்த பாரமும் பிரேக் மேல். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடாகி, பிடிப்பு குறையும். பெரும்பாலான எலெக்ட்ரிக் சைக்கிள்களில் ரீஜெனே கிடையாது, பிரேக் மட்டும்தான்.

அதனால் இறங்குகிற நாளில் சார்ஜை 85, 90 சதவிகிதத்திலேயே நிறுத்திவிடுங்கள். மேலே சுற்றிவிட்டுக் கடைசியாக இறங்குவதாக இருந்தால் இந்தக் கவலையும் இல்லை. ரீஜென் அளவை வண்டியில் மாற்ற முடிந்தால் அதிகபட்சத்தில் வையுங்கள். பிரேக்கை அழுத்தியே வைத்திருக்காமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்துக்கு வளைவில் சிதறிக்கிடக்கும் ஜல்லிதான் முதல் எதிரி. மேலேறி வரும் பஸ்ஸுக்கு வளைவு முழுவதும் தேவைப்படும், ஹாரன் கேட்டதும் நின்றுவிடுங்கள். இந்த மலையில் அந்த பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியவர்கள் அதில் இருக்கிறார்கள்.

அடிவாரம் வந்ததும் டிஸ்பிளேயைப் பாருங்கள். ஏறும்போது தின்றதில் பாதியைக்கூட இறக்கம் கேட்டிருக்காது. மிச்சம் இருக்கும் சார்ஜில் வீடு வரை போகலாமா, ஆலங்காயத்தில் ஒரு டீயும் ஒரு பிளக்கும் தேவையா என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.